ரோபோட்டில் இடது பக்கம் திரும்பு: தெரிந்த ஆங்கிலம் டர்பனில் ஏன் புரிவதில்லை?

தமிழ்நாட்டில் ஆங்கில வழியில் படித்து, பத்து வருடம் அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே மின்னஞ்சல் எழுதியவர்கள்கூட, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வந்து இறங்கிய முதல் சில வாரங்களில் தடுமாறுகிறார்கள். எதிரில் இருப்பவர் பேசும் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். ஆனால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது மட்டும் பிடிபடுவதில்லை. 'ரோபோட் வந்ததும் இடது பக்கம் திரும்புங்கள்' என்று ஒருவர் வழி சொன்னால், நமக்கு இயந்திர மனிதன்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் ரோபோட் என்பது சாலைச் சந்திப்பில் இருக்கும் சிக்னல் விளக்கு.

இதைச் சொல்வளக் குறைவு என்று நினைத்துப் பலர் புதிதாகச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அது உதவாது. சொல் தெரியாதது இங்கே சிக்கல் இல்லை. சொல்லின் சூழல் தெரியாததுதான் சிக்கல். சூழல் என்றால் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே, எந்த நேரத்தில், என்ன தொனியில், பக்கத்தில் வேறு எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறார் என்ற எல்லாமும் சேர்ந்தது. இந்த நாட்டு ஆங்கிலத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

இது யாருடைய ஆங்கிலம்?

1652-ல் டச்சுக்காரர்கள் கேப் பகுதியில் குடியேறினார்கள். அவர்கள் பேசிய மொழி பல மொழிகளோடு கலந்து ஆஃப்ரிகான்ஸ் ஆனது. 1806-ல் கேப் மீண்டும் பிரிட்டிஷ் கைக்கு வந்து, 1820-ல் பிரிட்டனிலிருந்து பெருங்கூட்டமாகக் குடியேறிகள் வந்தார்கள். அவர்களோடு வந்த ஆங்கிலம், ஏற்கெனவே அங்கிருந்த சுலு, கோசா, ஆஃப்ரிகான்ஸ் மொழிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை அப்படி வந்தவர்கள் 1,50,000-க்கும் மேல். பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள், அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

இன்று நாட்டின் ஆட்சிமொழிகள் 12. கடைசியாக 2023-ல் சைகை மொழி சேர்ந்தது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் சுமார் 8.7 விழுக்காடுதான். சுலு பேசுபவர்கள் 24 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் அலுவலகம், நீதிமன்றம், வங்கி, பல்கலைக்கழகம் எங்கும் ஆங்கிலம்தான் ஓடுகிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நீங்கள் தினமும் கேட்கும் ஆங்கிலத்தைப் பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு அது வீட்டுமொழி இல்லை. சுலுவிலோ ஆஃப்ரிகான்ஸிலோ யோசித்து ஆங்கிலச் சொல்லால் சொல்கிறார்கள். நாமும் தமிழில் யோசித்துத்தானே ஆங்கிலம் பேசுகிறோம்?

'ஜஸ்ட் நவ்' எப்போது?

அலுவலகத்தில் அதிகம் தடுமாற வைப்பது நேரத்தைக் குறிக்கும் சொற்கள்தான். நம் ஊர் ஆங்கிலத்தில் ஜஸ்ட் நவ் என்றால் 'இப்பத்தான்'. 'ஜஸ்ட் நவ் சாப்பிட்டேன்' என்போம். இங்கே ஒருவர் 'அந்த அறிக்கையை ஜஸ்ட் நவ் அனுப்புகிறேன்' என்றால், உடனே வரும் என்று எண்ணி நாம் கணினி முன் உட்கார்ந்துவிடுகிறோம். மாலை வரை வராது. அவர் பொய் சொல்லவில்லை. இங்கே கணக்கு இப்படி:

1. ஜஸ்ட் நவ் என்றால் 'பிறகு'. அரை மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். உறுதியான நேரம் எதுவும் அதில் இல்லை.

2. நவ் நவ் என்றால் 'கொஞ்ச நேரத்தில்'. இரண்டு முறை சொல்வதால் மிக அவசரம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் ஜஸ்ட் நவ்வைவிடச் சீக்கிரம், அவ்வளவுதான்.

3. உடனே வேண்டுமென்றால் ரைட் நவ் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். அதைச் சக ஊழியரிடம் சொன்னால் கொஞ்சம் கடுமையாகவே ஒலிக்கும்.

இதன் வேர் ஆஃப்ரிகான்ஸில் இருக்கிறது. அந்த மொழியின் நெட்நௌ என்ற சொல் 'சற்று முன்' என்பதையும் குறிக்கும், 'சற்றுப் பின்' என்பதையும் குறிக்கும். எது என்று சொல்வது பக்கத்தில் வரும் வினைச்சொல்லின் காலம். அதே பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. 'ஹீ வாஸ் ஹியர் ஜஸ்ட் நவ்' என்றால் இறந்தகாலம், இப்பத்தான் போனார். 'ஹீ வில் கம் ஜஸ்ட் நவ்' என்றால் எப்போதாவது வருவார். ஜஸ்ட் நவ் என்பதைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் பொருள் தேடினால் கிடைக்காது. வினையோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இது நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. வாசலில் நண்பர் வண்டியோடு காத்திருக்கிறார். உள்ளேயிருந்து 'இதோ வந்துட்டேன்!' என்று குரல் வருகிறது. வந்துட்டேன் என்பது முடிந்துபோன காலம். ஆனால் சொன்னவர் இன்னும் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார். எந்தத் தமிழரும் இதில் ஏமாறுவதில்லை. இலக்கணத்தைக் கேட்காமல் ஆளையும் நேரத்தையும் சேர்த்துக் கேட்பதற்குத் தாய்மொழியில் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்துக்கு வந்ததும் அந்தக் காதை மூடிவிட்டு அகராதியைத் திறக்கிறோம்.

ஆறுதல் சொல்லும் 'ஷேம்'

அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்று அலுவலகத்தில் சொல்கிறீர்கள். பக்கத்து மேசைக்காரர் முகம் வாடி, 'ஓ, ஷேம்' என்கிறார். சின்ன வயதில் 'ஷேம் ஷேம்' என்று பள்ளியில் கேலி கேட்டு வளர்ந்த நமக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அவர் சொன்னது 'ஐயோ, பாவம்'. பாவம் என்ற நம் சொல்லையே யோசித்துப் பாருங்கள். அதன் நேர்ப்பொருள் தீவினை. தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர் அகராதி பார்த்தால், நோயாளியைப் பார்த்துத் தீவினை என்கிறார்களே என்று பதறுவார். நமக்கு அது இரக்கம் மட்டும்தான். ஷேம் என்ற சொல்லும் இங்கே அதே பாதையில் நடந்திருக்கிறது. குழந்தையின் புகைப்படத்தைக் காட்டினாலும் ஷேம் என்பார்கள். அப்போது அது 'அடடா, என்ன அழகு!'

இஸ் இட் என்பதும் இப்படித்தான். 'என் பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள்' என்றால் பதிலுக்கு 'இஸ் இட்?' என்பார்கள். பள்ளி இலக்கணப்படி அது 'ஹேவ் தே?' என்று வர வேண்டும். இங்கே அது ஆஃப்ரிகான்ஸிலிருந்து வந்த, எதற்கும் பொருந்தும் ஒற்றைச் சொல். நம் 'அப்படியா?' போல. அதை உங்கள் பேச்சைச் சந்தேகப்படும் கேள்வியாக எடுத்துக்கொண்டு விளக்கம் கொடுக்கத் தொடங்க வேண்டாம்.

சாரி என்ற சொல்லும் மன்னிப்பு மட்டுமல்ல. நடைபாதையில் நீங்கள் கால் இடறினால், உங்களைத் தொடாத, தூரத்தில் நிற்கும் ஒருவர் 'சாரி, சாரி' என்பார். தவறு அவருடையது இல்லை. உங்களுக்கு அடிபட்டதே என்ற வருத்தம் அவருடையது.

ஆபத்தும் பணமும் உள்ள சொற்கள்

சில சொற்களைத் தவறாகப் புரிந்துகொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். சிலவற்றில் முடியாது.

ஹைஜாக் என்றால் நமக்கு விமானக் கடத்தல். இங்கே சாலையோரம் 'ஹைஜாக்கிங் ஹாட் ஸ்பாட்' என்று பலகை இருந்தால், துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறிக்கும் சம்பவங்கள் நடந்த இடம் அது என்று பொருள். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, சுற்றிலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

டாக்ஸி என்றால் நாம் தனியாக வாடகைக்கு எடுக்கும் கார் என்று நினைப்போம். இங்கே பெரும்பாலும் அது பதினைந்து பேர் வரை ஏறும் சிறு வேன். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் பெரிய வடிவம். இறங்க வேண்டிய இடத்தைப் பயணிதான் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும்: 'ஆஃப்டர் ரோபோட்' என்றால் சிக்னல் தாண்டி நிறுத்து, 'ஷார்ட் லெஃப்ட்' என்றால் பக்கத்திலேயே இடது திருப்பத்தில் நிறுத்து. பள்ளியில் மெட்ரிக் என்றால் 12-ஆம் வகுப்பும் அதன் இறுதித் தேர்வும். நம் ஊர் மெட்ரிக் பள்ளியோடும் பத்தாம் வகுப்போடும் குழப்பி விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் பின்னால் அலைச்சல்.

செய்திகளில் அடிக்கடி குழப்புவது லோட் ஷெட்டிங், லோட் ரிடக்‌ஷன் என்ற இரண்டும். வீட்டில் இருப்பவருக்கு இரண்டுமே கரண்ட் கட்தான். முதலாவது, நாடு முழுவதற்கும் உற்பத்தி போதாதபோது முறை வைத்து நிறுத்துவது. அதற்கு எண் உண்டு: ஒவ்வொரு ஸ்டேஜும் தோராயமாக 1,000 மெகாவாட். ஸ்டேஜ் 4 என்றால் 4,000 மெகாவாட் வரை குறைக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காத அளவுக்குச் சுமை ஏறும்போது அந்தப் பகுதியில் மட்டும், மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நிறுத்துவது. அதனால் 'லோட் ஷெட்டிங் இல்லை' என்று செய்தி வந்த நாளிலும் ஒரு தெருவில் மின்சாரம் இல்லாமல் இருக்கலாம்.

சாப்பாட்டுக் கடையில் இன்னொரு சொல் காத்திருக்கிறது. டர்பனில் ஒருவர் 'குவார்ட்டர் மட்டன்' என்று கேட்டால், கால் பங்கு ரொட்டியின் நடுவைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பை நிரப்பித் தருவார்கள். பன்னி சௌ என்பது அதன் பெயர். குவார்ட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் மதுக்கடை நினைவுக்கு வரும் நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டர்பன் வீட்டு ஆங்கிலத்தில் இருக்கும் தமிழ்

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறைகளாக இங்கிருப்பவர்கள். பெரும்பாலான வீடுகளில் இப்போது ஆங்கிலம்தான் பேச்சுமொழி. புதிதாக வரும் நம்மவர்கள் சிலர் அந்த ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு 'தப்பான இங்கிலீஷ்' என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அது தப்பு இல்லை. கவனித்துக் கேட்டால் அதன் அடியில் தமிழ் தெரியும்.

புரட்டாசி மாதம். கோயில் அன்னதானத்தில் நீங்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆன்ட்டி 'ஆர் யூ ஃபாஸ்டிங், மை சன்?' என்று கேட்கிறார். சாப்பிடும்போதே இப்படி ஒரு கேள்வியா? அவர் கேட்பது 'கவுச்சி சாப்பிடுவதில்லையா, தம்பி?' என்று. நம்மிடம் விரதம் என்ற ஒரே சொல் பட்டினியையும் குறிக்கிறது, மாமிசம் தவிர்ப்பதையும் குறிக்கிறது. அந்த முழுச் சொல்லையும் அவருடைய பாட்டி ஃபாஸ்டிங் என்ற சொல்லுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதே போல 'போரிட்ஜ் ப்ரேயர்' என்றால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. ப்ரேயர் என்ற சொல் பூசை, படையல், வேண்டுதல் எல்லாவற்றுக்கும் பொது. சந்தையில் 'ஹெர்ப்ஸ்' என்றால் துளசி, புதினா என்று நினைக்காதீர்கள். கட்டுக்கட்டாக இருக்கும் கீரை அது. 'மீலீஸ்' என்பது மக்காச்சோளம், மீல்ஸ் இல்லை. 'சாட்ஸ்வொர்த் சைடு' என்பதில் சைடு நம் 'பக்கம்': மதுரைப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம்.

வாக்கிய அமைப்பிலும் இது உண்டு. 'விச் சாரி ஷீ வோர், தட் ஒன் ஐ வான்ட்' என்பது போன்ற வாக்கியம் பழைய தலைமுறையின் பேச்சில் இயல்பு. 'எந்தப் புடவை கட்டினாளோ அதுதான் எனக்கு வேணும்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அமைப்பு அப்படியே பொருந்தும். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் ஆங்கிலத்தை விரிவாக ஆராய்ந்த மொழியியலாளர் ராஜேந்த் மேஸ்த்ரி, இத்தகைய அமைப்புகளுக்கு இந்திய மொழிகளோடு உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆசிரியரும் இல்லாமல், புத்தகமும் இல்லாமல், தோட்டத்திலும் ஆலையிலும் பெரும்பாலும் காதால் கேட்டே ஆங்கிலம் பிடித்துக்கொண்ட மக்கள் உருவாக்கிய மொழி இது. சூழலில் கற்பது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுமொழி மாறிய பிறகும் எந்தச் சொற்கள் தங்கின என்று பாருங்கள்: ஆயா, தாத்தா, அக்கா, காவடி, ரசம். உறவு, வழிபாடு, அடுப்படி என்ற மூன்று இடங்களிலும் மொழிபெயர்த்தால் பொருந்தாத சொற்கள் அப்படியே நின்றுவிட்டன. குடும்பப் பெயர்களும் தங்கின, ஆனால் ஆங்கில எழுத்தில் உருமாறி. மூட்லி என்று கேட்டால் முதலி என்று உடனே தோன்றாது. கோவெண்டர் என்ற பெயருக்குள் கவுண்டர் இருப்பதும் அப்படியே. 1996 அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

காயம் உள்ள சொற்கள்

கூலி என்பது தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். 'கூலிக்குப் போகிறேன்' என்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆங்கிலத்தின் கூலி என்ற சொல் இதிலிருந்து வந்தது என்றும், குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்றும் இரு கருத்துகள் உண்டு. எப்படி வந்திருந்தாலும், தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். 1893-ல் டர்பனுக்கு வழக்கறிஞராக வந்த காந்தியைக்கூடக் 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். இந்திய ஆண்கள் எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிடும் வழக்கமும் இருந்தது. ராமசாமி, முனுசாமி என்ற பெயர்களின் வாலை வெட்டி எடுத்த கேலி அது. சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உங்கள் எசமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிச் சொன்னதைக் காந்தி எழுதியிருக்கிறார்.

ஆகவே, டர்பன்காரர்களோடு ஆங்கிலத்தில் பேசும்போது 'உங்கள் முன்னோர்கள் கூலிகளாக வந்தார்களா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம் மனதில் அது வெறும் தொழில் பெயராக இருக்கலாம். கேட்பவருக்கு அது பல தலைமுறை அவமானம். 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்வது 'இண்டென்சர்டு'.

இனப் பெயர்களும் சட்டச் சூழலில் வேறாக இயங்குகின்றன. கலர்டு என்பது வேறு பல நாடுகளில் வசை. இங்கே அது ஒரு சமூகத்தின் அதிகாரப்பூர்வப் பெயர். வேலை விளம்பரத்தில் 'பிளாக்' என்று வந்தால், 1998-ன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி அது ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் மூவரையும் சேர்த்துக் குறிக்கும். ஆனால் அந்த 'இந்தியர்' இந்த நாட்டுக் குடியுரிமையோடு கட்டப்பட்ட சொல். வேலை விசாவில் சென்னையிலிருந்து வந்தவர் அதற்குள் வரமாட்டார்.

சரி, எப்படிக் கற்பது?

1. சொல்லை எழுதாதீர்கள், சம்பவத்தை எழுதுங்கள். 'ஷேம் = பாவம்' என்ற குறிப்பு ஒரு வாரத்தில் மறந்துவிடும். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன், அவர் மெதுவாக இழுத்து ஷேம் என்றார்' என்று எழுதினால் தொனியும் சேர்ந்து நிற்கும்.

2. ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு ஆட்களிடம் கேட்கும் வரை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய பழக்கமாக இருக்கலாம். நண்பர்களுக்குள் மட்டும் ஓடும் சொல்லை மேலாளரிடம் சொல்லிவிடும் ஆபத்தும் இதனால் குறையும்.

3. நேரம், பணம், இடம் மூன்றிலும் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள். 'ஜஸ்ட் நவ் என்றால் இரண்டு மணிக்குள் வருமா?' என்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

4. நம் ஊர் ஆங்கிலத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். கேள்வி கேட்பதற்கு 'ஐ ஹேவ் எ டவுட்' என்போம். இங்கே அது 'நீங்கள் சொல்வதை நம்பவில்லை' என்று ஒலிக்கும். வெளியூர் போயிருப்பதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் ரயில் நிலையம் என்று நினைப்பார்கள்.

5. முதலில் நலம் விசாரிப்பு. இதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். கடையிலோ வங்கியிலோ நேராக 'இது எவ்வளவு?' என்று தொடங்குவது இங்கே முரட்டுத்தனம். 'ஹலோ, ஹவ் ஆர் யூ?' என்று கேட்டு, பதில் வரும் வரை நின்று, அப்புறம்தான் காரியம். சுலுவின் 'சாவுபோனா' என்ற வணக்கச் சொல்லின் வேர்ப்பொருள் 'உங்களைக் கண்டோம்'. எதிரில் ஆள் இருப்பதை ஒப்புக்கொள்ளாமல் பேச்சு தொடங்காது என்ற வழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வந்திருக்கிறது.

இத்தனையையும் ஒரே இடத்தில் பயிற்சி செய்ய குளிர்காலம் நல்ல நேரம். ஜூன், ஜூலையில் ரோபோட்டில் சிவப்பு விழுந்ததும், வலைப்பையில் ஆரஞ்சு நிறப் பழங்களோடு ஒருவர் ஜன்னல் பக்கம் வருவார். தோல் தளர்ந்த, இனிப்பான அந்தப் பழத்துக்கு இந்த நாடு முழுவதும் 'நார்ச்சி' என்று பெயர். ஆஃப்ரிகான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல், நாம் ஊறுகாய் போடும் நாரத்தையிலிருந்து கிளம்பியது. கண்ணாடியை இறக்கி, 'ஹலோ, ஹவ் ஆர் யூ?' என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லட்டும். அப்புறம் விலை கேட்கலாம்.